ஸ்பிட்ஃபயர் பிளாஸ்டிக் மாடல் கற்றுத் தந்தவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் வகை, அதாவது மார்க் 1, ஒன்றை 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்து முடித்து அலமாரியில் வைத்த பிறகு, வீட்டுக்கு வந்தவர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகள் இவை. முதல் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கே கத்தியை வைப்பது என்று யோசிப்பவரை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். பழகிய கைகள் சண்டைக்கு வரக்கூடிய இடங்களும் உண்டு, வரட்டும்.

முதல் மாடலுக்கு ஏன் ஸ்பிட்ஃபயர்?

ஒற்றை இன்ஜின், ஒரே இருக்கை, குறைந்த பாகங்கள், குறைந்த விலை. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களிலேயே இந்த விமானத்தை 1/72 அளவில் கொண்டுவந்துவிட்டது. இன்று அதைப் போடாத மாடல் நிறுவனம் அரிது. புதியவர்களுக்கென்று விற்கும் பெட்டிகளில் பசை, தூரிகை, சின்னச் சின்ன பெயிண்ட் டப்பிகள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எது தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை என்ற நிம்மதியோடு கையை வைக்கலாம்.

இன்னொரு காரணமும் சொல்வேன். ஸ்பிட்ஃபயரின் உருவம் எல்லாருக்கும் தெரியும். நீள்வட்ட இறக்கை சற்றே கோணினாலும், விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அத்தைகூட "என்னமோ சரியில்லையே" என்று சொல்லிவிடுவார். தொடக்கத்திலேயே அப்படி ஒரு கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது நல்லது.

சென்னை மாகாணத்துக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது குடியேற்ற நாடுகளிலிருந்து விமானங்களுக்கென்று நிதி திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று பெயரளவில் ஒரு விலை வைத்திருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போன நிதிக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் சேர்ந்தது. மூன்றில் 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234ஆவது படையணி. அந்த ஆகஸ்டு நடுவில் அது தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்கு வந்தது. அதன் விமானிகளில் ஒருவரான பாப் டோ, பின்னாளில் பர்மா போர்முனையில் இந்திய விமானப்படையின் 10ஆவது படையணிக்குத் தலைமை தாங்கினார்.

234ஆவது படையணியின் அடையாள எழுத்துகள் AZ. விமானத்தின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் இருக்கும். பெட்டியோடு வரும் டீக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) இந்த எழுத்துகள் இல்லையென்றால், போர்க்கால எழுத்துகளைத் தனித் தாளாகவே விற்கிறார்கள். எந்தப் படையணியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, வேலையைத் தொடங்கும் முன்பே ஒரே ஒரு விமானத்தின் ஒளிப்படத்தைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் எழும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

1/72 என்ற அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

உண்மையான விமானத்தில் ஆறு அடி, மாடலில் ஓர் அங்குலம். ஸ்பிட்ஃபயர் மார்க் 1இன் இறக்கை நீளம் 11.23 மீட்டர், மாடலில் அது 156 மில்லிமீட்டர். உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். மாடலில் விட்டுவிடும் அரை மில்லிமீட்டர் இடைவெளி, உண்மையான விமானத்தில் 36 மில்லிமீட்டர். அப்படியொரு பிளவோடு ஒரு விமானம் ஓடுபாதைக்கு வந்தால் மெக்கானிக் என்ன சொல்வார்? இறக்கையின் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால், அது 72 மில்லிமீட்டர் தடித்த பலகை. ஒட்டும் முன் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டின் உட்புறத்தையும் உப்புத்தாளில் தேய்த்துப் பின்விளிம்பை மெலிதாக்கிவிட்டால், மாடல் பொம்மைத்தனத்தில் பாதியை அங்கேயே உதறிவிடுகிறது. வேறு எந்தப் பத்து நிமிட வேலையும் இவ்வளவு பலன் தராது.

என்னென்ன கருவிகள் வேண்டும்? எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சர்ஜிக்கல் பொருள் விற்கும் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள்; மாடல் கத்தியைவிடக் கூர்மையாகவே இருக்கும். ஆகையால் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடையில் 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர், அதாவது நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். ரப்பர் பேண்டு, துணி கிளிப், பல்குச்சி, பழைய சி.டி. உறை, இடுக்கி எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

நல்லதாக வாங்க வேண்டியவை மூன்று: பாகங்களை அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் சிறிய நிப்பர், மெல்லிய திரவப் பசை, மாடலுக்கென்றே வரும் மஞ்சள் நிற மாஸ்கிங் டேப். கட்டட வேலைக்கு விற்கும் மாஸ்கிங் டேப்பின் பசை மிக வலுவானது. பிரிக்கும்போது நேற்று அடித்த பெயிண்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

செய்முறைத் தாளில் உள்ள வரிசையில்தான் செய்ய வேண்டுமா?

அந்தத் தாள் சொல்வது, பாகங்கள் எந்த வரிசையில் ஒன்றோடொன்று சேரும் என்பதை மட்டும்தான். எதை எப்போது பெயிண்ட் செய்வது, எதை ஒட்டாமல் தள்ளிப்போடுவது என்பதை அது உங்களிடமே விட்டுவிடுகிறது. புதியவர் அடிபடுவதும் அங்கேதான்.

சக்கரக்கால்கள், அவற்றின் மூடிகள், புரொப்பெல்லர், இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுவேகக் குழாய், ஆன்டெனா கம்பம் ஆகியவற்றைத் தாள் எந்த இடத்தில் ஒட்டச் சொன்னாலும் கடைசிவரை ஒதுக்கி வையுங்கள். இவை துருத்திக்கொண்டிருக்கும்போது உப்புத்தாள் போடவும் முடியாது, கையில் பிடிக்கவும் முடியாது. ஒன்றாவது ஒடிந்து தரையில் விழும், விழுந்தது கிடைக்காது. புரொப்பெல்லரைத் தனியாக ஒரு பல்குச்சியில் செருகிப் பெயிண்ட் செய்தால், மூன்று இதழ்களின் முனையிலும் வரும் மஞ்சள் பட்டையை நிதானமாகப் போடலாம். அசலில் அது நான்கு அங்குலம், மாடலில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

நான் செய்வது இது: தாளை முழுக்க ஒருமுறை வாசித்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் 'இப்போது', 'பெயிண்டுக்குப் பிறகு', 'கடைசியில்' என்று பென்சிலால் எழுதிவிடுவேன்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து பிரிக்கும்போது ஏன் ஒடிகின்றன?

கையால் முறுக்கிப் பிய்ப்பதால். நிப்பரால் இரண்டு வெட்டாக வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி, இரண்டாவது நெருங்கி. கடைசி ஒரு துளித் துண்டைப் பிளேடால் சீவி உப்புத்தாளால் முடியுங்கள். பாகத்தை ஒட்டியே ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் அழுத்தத்தில் வெளுத்து, சில நேரம் பாகத்தின் சதையையும் பிடுங்கிவிடும்.

வெட்டும் முன்பே சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசும் வழுவழுப்பு சில நேரம் மிச்சமிருக்கும். அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது.

எந்தப் பசை? சூப்பர் குளூ போதாதா?

இந்தப் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மாடல் பசை உண்மையில் பசையே இல்லை, ஒரு கரைப்பான். இரு பக்கத்தையும் சற்றே உருக்கி, ஆவியாகிப் போகும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போகும். சரியாகச் சேர்ந்த மூட்டு பிளாஸ்டிக்கின் பலத்திலேயே நிற்கும்.

டியூபில் வரும் கெட்டிப் பசையைப் பெரிய, உள்ளே மறையும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் போல மெல்லிய பசைதான். அதைப் பூசிவிட்டு ஒட்டக் கூடாது. பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்து, தூரிகையின் நுனியால் கோட்டைத் தொட வேண்டும். தொட்ட மாத்திரத்தில் பசை தானாகவே இடைவெளிக்குள் ஓடும். மூட்டின் வழியே ஈரம் சரசரவென்று நீண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மூன்று நொடி கழித்து மெல்ல அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் நூலிழை போல் பிதுங்கி எழும். அதைத் துடைக்காதீர்கள், தொடவே தொடாதீர்கள். மறுநாள் இறுகிய பிறகு பிளேடாலும் 600ஆம் எண் தாளாலும் சீவிவிட்டால் மூட்டு இருந்த இடமே தெரியாது. இடைவெளியை அடைக்கப் பூசும் பசைமாவைப் பட்டி என்பார்கள்; அந்த இழைதான் இலவசப் பட்டி.

இதில் ஓர் ஆபத்து: மூட்டின் மேல் உங்கள் விரல் இருந்தால் பசை அதற்கு அடியிலும் ஓடி, விரல்ரேகையைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும்.

சூப்பர் குளூவை உலோகத்துக்கும் பெயிண்ட் ஏறிய பரப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாகத்தின் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, காக்பிட் மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். கண்ணாடிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் பிளவு வருகிறது. என்ன செய்வது?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான்; ஸ்பிட்ஃபயர் செய்யும் எவருக்கும் அப்படித்தான் ஆகும்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி 6 டிகிரி சாய்ந்து போகிறது. மாடலில் கீழ் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒரே துண்டாகவும், மேல் இறக்கை இடம் வலமாக இரண்டு துண்டாகவும் வருவது வழக்கம். ஒட்டிக் காயும்போது கீழ்த் துண்டு சற்றே தட்டையாகிவிட்டால் இரண்டு கேடுகள் ஒன்றாக வரும்: சாய்மானம் போய்விடும், மேல் இறக்கையின் வேர் உடலைவிட்டு விலகி இருபுறமும் பிளவு திறக்கும். பட்டியைக் குழைத்து அந்தப் பிளவில் அடைத்தால் ஒரு கேடு மறையும். சாய்மானம் போனது போனதுதான். விமானம் சோர்ந்துபோனதுபோல் நிற்கும்.

ஆகவே பட்டிக்கு முன் டேப்பை எடுங்கள். பசை போடாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். ஓர் இறக்கையின் நுனிக்கு அருகே மாஸ்கிங் டேப்பை ஒட்டி, உடலின் முதுகுக்கு மேலாக இழுத்து, மறு நுனியில் ஒட்டுங்கள். டேப்பை இறுக்க இறுக்க இறக்கைகள் மேலே எழும்; பிளவு உங்கள் கண்ணெதிரிலேயே மூடும். மூடியதும் சாய்மானத்தையும் சரிபாருங்கள். அட்டையில் 10 செ.மீ. அடிக்கோடு, அதன் ஒரு முனையில் 1.05 செ.மீ. உயரம் என்று முக்கோணம் வெட்டினால் அது 6 டிகிரி காட்டும். இரு பக்கமும் அட்டையோடு ஒத்துப்போன பிறகுதான் பசை. அதுவும் உள்ளிருந்து எட்டும் இடத்தில் உள்ளிருந்தே. பிறகு டேப்போடு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

டேப் இழுத்தும் பிளவு மூடவில்லையென்றால் உடல் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு உடற்பாதிகளுக்கும் நடுவே, வெட்டி எறிந்த சட்டத்துண்டு ஒன்றைக் குறுக்காக நிறுத்தி உடலைச் சற்று அகட்டலாம். காக்பிட்டுக்குக் கீழே யாரும் பார்க்கப்போவதில்லை.

வால் இறக்கைகளுக்குச் சாய்மானம் கிடையாது. மாடலை முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: வால் இறக்கை நேராகக் கிடக்க வேண்டும், முதன்மை இறக்கை இரு பக்கமும் ஒரே அளவு எழ வேண்டும், செங்குத்து வால் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பசை இறுகும் முன் இதைப் பார்க்கும் அரை நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

பட்டி எப்போது தேவை?

டேப்பும் பசையும் தோற்ற இடத்தில். கொஞ்சமாக வையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். காயாத பட்டியைத் தேய்த்தால் பின்னால் சுருங்கி, பெயிண்டுக்குப் பிறகு பள்ளமாக எட்டிப் பார்க்கும். பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் ஒரு பூச்சு அடித்துப் பார்த்தால் மிச்சக் குறைகள் எல்லாம் தெரியும்.

காக்பிட் உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செய்யலாம்?

உள்ளே சாம்பல்பச்சை, இருக்கை செம்பழுப்பு, தலைச்சாய்வு கறுப்பு, இருக்கைப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பில் வெட்டிய இரண்டு கீற்றுகள். மூடியை மூடி ஒட்டுவதாக இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் வெளியே தெரியாது. இருக்கையைச் செம்பழுப்பு என்றது ஏனென்றால், பல ஸ்பிட்ஃபயர்களில் அது உலோகமே இல்லை. பிசின் ஏற்றிய கூட்டுப் பொருள்.

காக்பிட்டில் மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு இறக்கை மூட்டை ஓர் மாலையில் முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அலமாரியில் இருக்கும் மாடலை இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறோம். அங்கிருந்து கண்ணில் படுவது உருவம், மூட்டுகள், காக்பிட் மூடி, பரப்பின் மெருகு. உழைப்பையும் அந்த வரிசையில் பங்கிடுவதுதான் நியாயம். உங்களுக்காகவே நுணுக்கம் செய்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு, தாராளமாகச் செய்யுங்கள்.

இடம் வலம் மாறிப்போகும் பாகங்கள் எவை?

மார்க் 1இன் அடிப்பக்கம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்காது. வலது இறக்கைக்கு அடியில் பெட்டி போன்ற பெரிய ரேடியேட்டர். இடது இறக்கைக்கு அடியில் உருண்டையான, மெலிந்த எண்ணெய்க் குளிரூட்டி. காற்றுவேகக் குழாயும் இடது பக்கம்தான். மாடலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒட்டுவதால் இடம் வலமாகத் தெரியும். விமானி உட்கார்ந்திருக்கும் திசையிலிருந்து எண்ணுங்கள். விமானத்தில் இடம் வலம் என்பதெல்லாம் அவருடைய இடம் வலம். புரொப்பெல்லர் இதழின் புடைத்த பக்கம் முன்னாலும் தட்டையான பக்கம் விமானியைப் பார்த்தும் இருக்க வேண்டும்.

காக்பிட் மூடியின் சட்டங்களை எப்படிப் பெயிண்ட் செய்வது? கை நடுங்குகிறது.

கை நடுங்கினால் டேப்பை நம்புங்கள். டேப்பை மூடியின் மேல் ஒட்டிப் பல்குச்சியால் சட்டக் கோடுகளின் ஓரத்தில் அழுத்துங்கள்; கோடு டேப்பின் வழியே தெரியும். புதுப் பிளேடால், அழுத்தாமல், கோட்டின் வழியே ஓட்டினால் கண்ணாடிப் பகுதி மட்டும் மூடியிருக்கும். முதலில் உட்புறச் சாம்பல்பச்சையை அடியுங்கள், அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டத்தின் உட்புறமும் சரியான நிறத்தில் இருக்கும்.

தூரிகையா, ஏர்பிரஷா?

முதல் மாடலுக்குத் தூரிகை. காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷோடு கம்ப்ரஸர், முகமூடி, காற்றோட்டமான இடம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கழுவல் எல்லாம் சேர்ந்து வரும். முதல் மாடலிலேயே அதையும் கற்கப் போனால் இரண்டுமே அரைகுறையாகும்.

தூரிகைத் தடம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். பெயிண்டை நீர்க்கச் செய்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டாவது பூச்சை முதல் பூச்சுக்குக் குறுக்காக அடியுங்கள். காயும் இடத்தைத் திரும்பத் தொட்டால் அடிப்பூச்சு சுருண்டு வந்துவிடும். அகலமான, மென்மையான தூரிகைதான் பெரிய பரப்புக்கு உதவும். மெல்லிய தூரிகையால் இறக்கை முழுவதையும் நிரப்புவது வீண் பாடு.

1940ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயருக்கு எந்த நிறங்கள்?

மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும். அடியில், 1940 ஜூன் முதல், 'ஸ்கை' என்று பெயர் வைத்த வெளிறிய பச்சை. அந்தப் பெயரைக் கேட்டு நீலத்தை வாங்கிவிடுபவர்கள் உண்டு. அப்போது புதுப் பெயிண்ட் போதுமான அளவு கிடைக்காததால், ஆங்காங்கே கலந்து அடித்த நிறங்களும் பறந்தன. ஆகவே உங்கள் ஸ்கை சற்று நீலமாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிர் நிறத்தை முதலில் அடியுங்கள்: ஸ்கை, பிறகு பழுப்பு, கடைசியில் பச்சை. பழுப்பும் பச்சையும் சேரும் எல்லை கூர்மையாக இருக்கலாம். அசலில் இருந்த சிறு கலங்கலை 72ஆல் வகுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

மழைக்காலத்தில் பெயிண்ட் செய்யலாமா?

தூரிகை வேலைக்குத் தடையில்லை, காய நேரமாகும் அவ்வளவுதான். ஸ்பிரே வார்னிஷைத்தான் தள்ளிப்போட வேண்டும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்து பார்த்தால் மாடல் மேல் வெள்ளைப் புகை படிந்ததுபோல் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் இருப்பவர்கள் வெயில் அடிக்கும் ஒரு முற்பகலுக்குக் காத்திருப்பதே மேல். அப்படிப் புகை படிந்துவிட்டால், வறண்ட நாளில் அதே வார்னிஷை மெல்லிய பூச்சாக மறுபடி அடித்துப் பாருங்கள். பல நேரம் தெளிந்துவிடும்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் வரும் வெண்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு: டப்பியை நன்றாகக் குலுக்காதது. மங்கல் தரும் பொடி அடியில் தங்கியிருக்கும்.

டீக்காலைச் சுற்றி வெள்ளி போல் மினுங்குகிறதே?

டீக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. மேட் பெயிண்டின் பரப்பு நுண்ணளவில் சொரசொரப்பானது. டீக்காலின் மெல்லிய படலம் மேடுகளின் மேல் கிடக்கிறது, பள்ளங்களில் காற்று நிற்கிறது. ஒட்டிய பிறகு என்ன செய்தாலும் இது முழுதாகப் போகாது. ஒட்டும் முன்பே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவைக்க வேண்டும். எல்லாம் முடிந்து மேட் வார்னிஷ் அடித்ததும் மீண்டும் மங்கலாகிவிடும். இந்த இரண்டு பூச்சையும் சேர்த்தால் வேலை இரண்டு நாள் நீளும். அந்த இரண்டு நாளை மிச்சம்பிடித்தவர்களின் மாடலை நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

டீக்காலைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நொடி நனைத்து, எடுத்து ஈரத்தாளின் மேல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் விரலால் தள்ளினால் நகரும், நகர்ந்தால் தயார். ஒட்டும் இடத்தில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் இடம் திருத்த அவகாசம் கிடைக்கும். பிறகு டீக்காலை மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். அடுத்த சில நிமிடங்களில் டீக்கால் சுருங்கி, முதியவரின் புறங்கைத் தோல் போல மடிப்பு மடிப்பாகிவிடும். புதியவர் பதறிக்கொண்டு கையை வைப்பது இந்த நேரத்தில்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். காயக் காயத் தானாகவே படிந்து, அடியில் உள்ள தகட்டுக் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள்) டீக்காலின் மேலேயே தெரியும்.

வட்டச் சின்னங்களிலும் ஒரு கவனம் வேண்டும். உடலில் உள்ள வட்டத்துக்கு வெளியே மஞ்சள் வளையம் உண்டு. இறக்கையின் மேலே உள்ளதில் நீலமும் சிவப்பும் மட்டும், வெள்ளை கிடையாது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாயை மூட இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய சிவப்புத் துணிகளும் டீக்காலாகவே வரும். அவை சிறியவை, மூலை வளைந்து போகக்கூடியவை. இடுக்கியால் பிடிக்காமல் ஈரத் தூரிகையால் எடுங்கள்.

தகட்டுக் கோடுகளில் கறுப்பு ஊற்ற வேண்டுமா?

கறுப்பு வேண்டாம். மாடலில் 0.3 மில்லிமீட்டர் அகலக் கோடு, அசலில் இரண்டு சென்டிமீட்டர், ஏற்கெனவே மிகை. அதில் கறுப்பும் ஊற்றினால் விமானம் கட்டம் போட்ட நோட்டுப்புத்தகமாகிவிடும். மேற்பரப்புக்கு அடர்பழுப்பு, ஸ்கைக்குச் சாம்பல், அதுவும் நன்றாக நீர்க்கச் செய்த பெயிண்டைக் கோட்டுக்குள் ஓடவிட்டால் போதும்.

ஆன்டெனா கம்பிக்கு நூல் கட்டலாமா?

நூலில் பிசிறு இருக்கும். இந்த அளவில் அது கயிறு. வெட்டியெறிந்த சட்டத்திலிருந்து ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு அங்குலம் மேலே, உருட்டிக்கொண்டே பிடியுங்கள். நடுப்பகுதி பளபளத்து, குழைந்து தொய்யத் தொடங்கும். அப்போது சுடரைவிட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் ஒரே சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிய இழை, மெதுவாக இழுத்தால் தடித்த இழை. தலைமுடி அளவுக்கு மெல்லிய இழை கைக்கு வந்ததும் அப்படியே நீட்டிப் பிடித்து ஆறவிடுங்கள். ஒரு முனையைக் கம்பத்திலும் மறு முனையை வாலின் மேலும் வெள்ளைப் பசையால் ஒட்டலாம். சற்றுத் தொய்வாக இருந்தால், அணைத்த ஊதுவத்தியின் தணலை அதன் அருகே, தொடாமல், கொண்டுபோனால் விறைத்துக்கொள்ளும். முதல் சில இழைகள் அறுந்துபோகத்தான் செய்யும். சட்டம்தான் தாராளமாகக் கிடக்கிறதே.

ஒரு விஷயம்: 1940 இலையுதிர் காலம் முதல் புதிய வானொலிக் கருவிகள் வந்த விமானங்களில் இந்தக் கம்பி இல்லை. உங்கள் ஒளிப்படத்தைப் பாருங்கள்.

மூக்கில் எடை வைக்க வேண்டுமா?

ஸ்பிட்ஃபயருக்கு வேண்டாம்; அது வால் சக்கரத்தில் உட்காரும். மிக்-21 போல மூக்குச் சக்கரம் உள்ள விமானங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் உடலை மூடும் முன்பே.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. பிளேடும் மெல்லிய பசையும் பெரியவர் கையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிள்ளை தனக்குப் பிடித்த நிறத்தில் அடிக்க விரும்பினால் விட்டுவிடுங்கள். விமானப்படையின் நிற ஒழுங்கை எட்டு வயதில் யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை.

பெயிண்ட் கெட்டுப்போனால் அகற்ற முடியுமா?

அக்ரிலிக் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பெரும்பாலும் வந்துவிடும். நகப்பூச்சு நீக்கியைத் தொடாதீர்கள். அசிட்டோன் இருந்தால் விமானத்தையே கரைத்துவிடும்.

முடித்த மாடலை எங்கே வைப்பது, எப்படித் தூசி தட்டுவது?

நேர் வெயில் படாத, கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். தூசிக்கு மென்மையான, அகலமான, பெயிண்டே படாத தூரிகை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து வாலை நோக்கித் தட்டுங்கள். எதிர்த்திசையில் தட்டினால் முதலில் போவது ஆன்டெனா, அடுத்தது காற்றுவேகக் குழாய். வீட்டைச் சுத்தம் செய்பவரிடம் அந்த அலமாரியை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிடுங்கள்.